கிரிட்வியூ, டிராப்டவுன்: தரவு ஒட்டாதபோது எங்கே பார்ப்பது?

வலைப்பக்கத்தை சர்வரில் உருவாக்கித் தரும் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ் 2002-இல் வந்தது. தரவைக் கட்டமாகக் காட்டும் கிரிட்வியூ, தரவுத்தளத்தில் இருந்து அதை எடுத்துத் தரும் எஸ்கியூஎல் டேட்டாசோர்ஸ் எல்லாம் 2005-இல் 2.0 பதிப்போடு சேர்ந்தவை. பிறகு மைக்ரோசாஃப்ட் அடுத்த தலைமுறையான டாட் நெட் கோர் பக்கம் நகர்ந்தபோது வெப் ஃபார்ம்ஸைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனாலும் பழைய டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8 விண்டோஸில் இருக்கும்வரை பழைய பக்கங்கள் ஓடத்தான் செய்யும். கட்டண கவுன்டர், சரக்கு இருப்பு, வருகைப் பதிவு என்று எத்தனையோ அலுவலகங்களில் இன்றும் ஓடுகின்றன. எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார், பிழை மட்டும் நம் மேசைக்கு வரும். அப்படி வருகிற புகார்களை, பயனர் சொல்லும் வார்த்தையை வைத்தே பிரித்து எழுதுகிறேன்.

இந்த வகைப் பிழைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான். தரவு சரியாகவே இருக்கும், அதைத் திரையில் ஒட்டிய (பைண்ட் செய்த) நேரம் தப்பாக இருக்கும். ஒரு பட்டனை அழுத்திப் பக்கம் சர்வருக்குப் போகிறபோது அங்கே நடப்பது இந்த வரிசையில்: முதலில் இனிட். பிறகு, பக்கம் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் வியூஸ்டேட்டில் இருந்து பழைய நிலை திரும்பி வரும். அடுத்து பயனர் அனுப்பிய மதிப்புகள் ஏறும். அதற்குப் பின் லோட். அப்புறம்தான் கிளிக் போன்ற நிகழ்வுகள். கடைசியில் பிரீரெண்டர். இதை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரம் ஒட்டிக்கொள்ளுங்கள். கீழே பாதிக்கு மேற்பட்ட விடைகள் அந்தத் தாளிலேயே இருக்கின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டேட்டாபைண்ட் என்று கூப்பிடும் வரியில் பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை அங்கே நிறுத்திப் பார்க்கும் குறி) வையுங்கள். டேட்டாடேபிளில் எத்தனை வரிசை இருக்கிறது என்று பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோவில் மாறியின் மேல் சுட்டியை வைத்தால் ஒரு பூதக்கண்ணாடிச் சின்னம் வரும், அதை அழுத்தினால் அட்டவணையே திறக்கும். எஸ்கியூஎல் டேட்டாசோர்ஸ் வைத்திருந்தால் அதன் செலக்டட் நிகழ்வில் அஃபெக்டட் ரோஸ், அதாவது வரிசை எண்ணிக்கை, எவ்வளவு என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் வினவலுக்கு (தரவைக் கேட்கும் எஸ்கியூஎல் வரிக்கு) போங்கள். இல்லையென்றால் கன்ட்ரோலுக்கு, அதாவது கட்டம், பட்டியல் போன்ற திரை உறுப்புக்கு. இதைச் செய்யாமல் ஊகித்துக்கொண்டே வினவலையும் கட்டத்தையும் மாறி மாறித் திருத்தினால் இரண்டும் கெடும்.

“பக்கம் வருகிறது, கட்டத்தையே காணோம்”

பிழைச் செய்தி இருக்காது. தலைப்பு வரி, பட்டன் எல்லாம் இருக்கும், கிரிட்வியூ இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். வரிசை எதுவும் இல்லையென்றால் கிரிட்வியூ தன் தலைப்பு வரியைக்கூடக் காட்டாது. அதனால் தரவு இல்லையா, ஒட்டவே இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே முதல் வேலையாக எம்ப்டி டேட்டா டெக்ஸ்ட் என்ற பண்பில் ‘பதிவு ஏதும் இல்லை’ என்று எழுதிவிடுங்கள். நான் கைக்கு வரும் எல்லாப் பழைய பக்கத்திலும் இதைச் சேர்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். அந்த வாசகம் திரையில் வந்தால் பைண்ட் நடந்துவிட்டது, வரிசைதான் இல்லை. வரவில்லை என்றால் பெரும்பாலும் பைண்ட் நடக்கவே இல்லை. தலைப்பு வரியும் வேண்டும் என்றால் 4.0 பதிப்பில் இருந்து ஷோ ஹெடர் வென் எம்ப்டி இருக்கிறது.

பைண்ட் நடக்காததற்குச் சாதாரணக் காரணம், டேட்டாசோர்ஸ் பண்பில் அட்டவணையைக் கொடுத்துவிட்டு அடுத்த வரியில் டேட்டாபைண்ட் கூப்பிட மறந்தது. டேட்டாசோர்ஸ் ஐடி கொடுத்தால் கன்ட்ரோல் பிரீரெண்டர் படியில் தானே ஒட்டிக்கொள்ளும். வெறும் டேட்டாசோர்ஸ் கொடுத்தால் நாம்தான் கூப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டில் ஒன்றை எடு என்று நேரடியாகவே பிழை வரும். அது நல்ல பிழை, எந்தக் கன்ட்ரோல் என்று பெயரோடு சொல்லிவிடும்.

இன்னொரு காரணம் இதைவிடச் சிரமமானது. ஒரு தேடல் திரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பெயர் பெட்டி, கீழே கிரிட்வியூ, நடுவில் எஸ்கியூஎல் டேட்டாசோர்ஸ். வினவல் பெயரை லைக் போட்டு, இருபுறமும் சதவீதக் குறி வைத்துத் தேடுகிறது. ‘முரு’ என்று அடித்தால் முருகன், முருகேசன் எல்லாரும் வருகிறார்கள். பெட்டியை வெறுமையாக விட்டால் எல்லாரும் வர வேண்டும், ஆனால் ஒருவரும் வருவதில்லை. அதே வினவலை, தரவுத்தளத்தில் நேராக ஓட்டிப் பார்க்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் வெற்றுச் சரம் கொடுத்து ஓட்டினால் அத்தனை பேரும் வருகிறார்கள்.

நடப்பது இது. அளவுருவின் (வினவலுக்குப் போகும் மதிப்பின்) கன்வெர்ட் எம்ப்டி ஸ்ட்ரிங் டு நல் என்ற பண்பு இயல்பாகவே உண்மை. வெற்றுப் பெட்டி நல், அதாவது மதிப்பே இல்லை, என்று ஆகிவிடுகிறது. எஸ்கியூஎல் டேட்டாசோர்ஸின் கேன்சல் செலக்ட் ஆன் நல் பாராமீட்டர் என்ற பண்பும் இயல்பாக உண்மை. ஓர் அளவுரு நல் என்றாலும் வினவல் சத்தமில்லாமல் கைவிடப்படுகிறது. தரவுத்தளத்துக்கு எதுவும் போவதே இல்லை. செலக்டட் நிகழ்வில் வைத்த பிரேக்பாயின்ட் நிற்காது, தரவுத்தளத்துக்கு வருவதைக் காட்டும் புரொஃபைலரில் வினவல் தெரியாது. இந்த இரண்டு தடயமும் சேர்ந்து கிடைத்தால் வேறெங்கும் தேட வேண்டாம். உரைப் பெட்டி மட்டும் என்றால் முதல் பண்பைப் பொய்யாக்கினால் போதும். எண், தேதி வடிகட்டிகளும் இருந்தால் இரண்டாவது பண்பைப் பொய்யாக்கிவிட்டு, வினவலில் ‘அளவுரு நல் என்றால், அல்லது பொருந்தினால்’ என்ற நிபந்தனையை ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். எழுதாமல் பண்பை மட்டும் மாற்றினால் வினவல் ஓடும், ஆனால் நல்லோடு ஒப்பிட்டு மறுபடி பூஜ்யமே வரும்.

“எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் பெயரே பதிவாகிறது”

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் திரை தப்பாகத் தெரியாது. பணமும் பதிவும்தான் தப்பாகப் போகும்.

ஒரு கல்லூரியின் கட்டணத் திரையை நான் பராமரித்துக்கொண்டிருந்தேன். துறைப் பட்டியல் ஒரு டிராப்டவுன்லிஸ்டில் வரும். புதிதாகச் சேர்ந்த துறை பட்டியலில் வரவில்லை என்று சொன்னார்கள். பட்டியலை நிரப்பும் அழைப்பை ஒரு சிறு மாற்றமாக பேஜ் லோடில் நேராக எழுதி ஏற்றிவிட்டேன். நான்கு நாள் கழித்து கவுன்டரில் இருந்த தம்பி கூப்பிட்டான். “அண்ணா, நான் கணிதம்னுதான் போட்டேன், ரசீதுல இயற்பியல்னு வருது.” அகரவரிசையில் அந்தப் பட்டியலில் முதலில் நின்றது இயற்பியல். நான்கு நாள் கட்டிய அத்தனை பேரும் இயற்பியல் மாணவர்கள் ஆகியிருந்தார்கள். பதிவேட்டின் கையெழுத்துப் படியை வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

தாளில் உள்ள வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தம்பி கணிதத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமி என்று அழுத்துகிறான். பழைய பட்டியல் வியூஸ்டேட்டில் இருந்து திரும்புகிறது. அவன் அனுப்பிய கணிதம் அதில் தேர்வாகிறது. இதுவரை சரி. அடுத்து லோட் வருகிறது. என் வரி பட்டியலைத் துடைத்துவிட்டு மறுபடி நிரப்புகிறது. தேர்வு போய்விட்டது, முதல் வரி நிற்கிறது. அதற்கு அப்புறம்தான் சேமி பட்டனின் கிளிக் நிகழ்வு ஓடுகிறது. அது படிப்பது இயற்பியலை.

தீர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான். இஸ் போஸ்ட்பேக் இல்லாதபோது, அதாவது பக்கம் முதல்முறை வரும்போது மட்டும், நிரப்ப வேண்டும். தெரிந்தும் இது திரும்பத் திரும்ப நுழைவதற்குக் காரணம், நிரப்பும் வரி பேஜ் லோடில் நேராக இல்லாமல் வேறு ஏதோ ஒரு துணைச் செயல்பாட்டுக்குள் ஒளிந்திருப்பதுதான். அதனால் டேட்டாபைண்ட் என்ற சொல்லைக் கோப்பு முழுக்கத் தேடி, ஒவ்வொன்றும் தாளில் உள்ள எந்தப் படியில் ஓடுகிறது என்று பாருங்கள்.

கிரிட்வியூவில் ஒரு வரியைத் திருத்தி அப்டேட் அழுத்தினால் பழைய மதிப்பே சேமிக்கப்படுகிறது என்பதும் இதே நோய்தான். ரோ அப்டேட்டிங்கில் டெக்ஸ்ட்பாக்ஸைத் தேடிப் படிப்பதற்குள், லோடில் கட்டம் மறுபடி பைண்ட் ஆகி, பெட்டிக்குள் தரவுத்தளத்தின் பழைய மதிப்பு உட்கார்ந்திருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கம் கனமாக இருக்கிறது என்று யாராவது டிராப்டவுனின் வியூஸ்டேட்டை அணைத்திருந்தால், இஸ் போஸ்ட்பேக் நிபந்தனை போட்டதும் இரண்டாம் முறை பட்டியல் காலியாகிவிடும். அங்கே நிரப்பும் வேலையை இனிட் படிக்கு நகர்த்தி ஒவ்வொரு முறையும் நிரப்புங்கள். பயனரின் மதிப்பு அதற்குப் பிறகே ஏறுவதால் தேர்வு நிலைக்கும்.

“சேமித்தேன், ஆனால் பழையதே தெரிகிறது”

பக்கத்தைப் புதுப்பித்தால் புதியது தெரிகிறதா? தெரிந்தால் லோடில் ஒட்டிவிட்டு, கிளிக்கில் சேமித்து, மறுபடி ஒட்டவில்லை. சேமித்த வரிக்குக் கீழே கட்டத்தை மீண்டும் பைண்ட் செய்யுங்கள். புதுப்பித்தாலும் பழையதே தெரிந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

“அப்டேட் அழுத்தினால் பிழையும் இல்லை, மாற்றமும் இல்லை”

அப்டேட்டட் நிகழ்வில் அஃபெக்டட் ரோஸ் பாருங்கள். பூஜ்யம் என்றால் அப்டேட் வினவல் ஓடியிருக்கிறது, ஆனால் அதன் வேர் (WHERE) நிபந்தனைக்கு ஒரு வரியும் பொருந்தவில்லை. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை, அதனால்தான் இத்தனை அமைதி.

முதலில் டேட்டா கீ நேம்ஸ் பண்பில் முதன்மைச் சாவியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், படிக்க மட்டும் என்று வைத்த ஐடி நிரல் அளவுருவாகப் போகாது. ஐடி நல் என்று போய் யாரையும் தொடாமல் திரும்பும்.

அடுத்து, கான்ஃப்ளிக்ட் டிடெக்ஷன் என்ற இடத்தில் கம்பேர் ஆல் வேல்யூஸ் என்று இருக்கிறதா? இருந்தால் பழைய மதிப்புகள் எல்லாம் வேர் நிபந்தனையில் ஒப்பிடப்படும். ஒருவரின் தொலைபேசி எண் தரவுத்தளத்தில் நல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினவலில் ‘தொலைபேசி சமம் பழைய தொலைபேசி’ என்று மட்டும் எழுதியிருந்தால் நல் எதற்கும் சமமாகாது, அந்த ஒருவரின் வரி மட்டும் என்றைக்கும் திருந்தாது. “சிலருக்கு மட்டும் அப்டேட் ஆகவில்லை” என்று புகார் வந்தால் நான் நேராக இங்கேதான் வருவேன். அந்தச் சிலரின் வரிகளில் எந்த நிரல் நல் என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் நல்லாக இருந்தால் பொருந்தும் என்ற கிளையைச் சேர்க்க வேண்டும். ஒரே வரியை இரண்டு பேர் திருத்தும் வாய்ப்பே இல்லாத திரை என்றால், ஒப்பீட்டையே ஓவர்ரைட் சேஞ்சஸ் என்று மாற்றிவிடலாம்.

பூஜ்யம் வராமல் 1 என்றே வருகிறது, ஆனால் சில நிரல்கள் காலியாகிவிடுகின்றன என்றால், திருத்தும் வரியின் வடிவத்தைச் சொல்லும் எடிட் ஐட்டம் டெம்ப்ளேட்டைத் திறந்து பாருங்கள். பைண்ட் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஈவல் என்று இருக்கும். ஈவல் காட்ட மட்டும் செய்யும். பைண்ட் காட்டவும் செய்யும், திரும்ப வாங்கிக் கொடுக்கவும் செய்யும். ஈவல் போட்ட பெட்டியில் பயனர் எதை அடித்தாலும் அது டேட்டாசோர்ஸுக்குப் போய்ச் சேராது. அந்த அளவுரு நல்லாகப் போய், இருந்ததையும் அழித்துவிடும். ஐட்டம் டெம்ப்ளேட்டில் இருந்து நகல் எடுத்து ஒட்டும்போது இது எளிதில் நேரும்.

“மஞ்சள் பக்கம் வருகிறது”

ஏஎஸ்பி டாட் நெட் தன் பிழைச் செய்தியைக் காட்டும் பக்கம் இது. பிழைச் செய்தி வந்தால் பாதி வேலை முடிந்தது, ஆனால் செய்தியை முழுக்கப் படிக்க வேண்டும்.

டேட்டாரோவியூவில் இந்தப் பெயரில் பண்பு இல்லை என்று வந்தால், வினவல் திருப்பும் நிரல் பெயரும் திரையில் எழுதிய பெயரும் வேறு. வினவலில் மாற்றுப்பெயர் கொடுத்ததா, சேமிக்கப்பட்ட செயல்முறையை டிபிஏ (தரவுத்தள நிர்வாகி) மாற்றினாரா என்று பாருங்கள். சொந்தமாக எழுதிய வகுப்பின் பட்டியலை ஒட்டும்போது இதே செய்தி வந்தால், உறுப்புகள் வெறும் ஃபீல்டுகளா என்று பாருங்கள். கெட், செட் வைத்த பண்புகளை மட்டுமே பைண்டிங் பார்க்கும். பப்ளிக் என்று எழுதியிருந்தாலும் ஃபீல்டு அதன் கண்ணில் படாது.

பேஜ் இண்டெக்ஸ் சேஞ்சிங் நிகழ்ந்தது, யாரும் கையாளவில்லை என்ற செய்தி, டேட்டாசோர்ஸ் ஐடி இல்லாமல் நாமே ஒட்டும் கட்டங்களில் வரும். சார்ட்டிங், ரோ எடிட்டிங்குக்கும் இப்படியே. நிகழ்வை எழுதி, பக்க எண்ணை மாற்றி, மறுபடி பைண்ட் செய்யுங்கள்.

ஈவல், பைண்ட் எல்லாம் தரவு ஒட்டிய கன்ட்ரோலுக்குள்தான் செல்லும் என்ற செய்திக்கு அர்த்தம், அந்தக் குறிமொழி டெம்ப்ளேட்டுக்கு வெளியே நிற்கிறது, அல்லது தரவுவரிசை இல்லாத நேரத்தில் பேஜ் டேட்டாபைண்ட் அதை ஓட்டிவிட்டது.

செலக்டட் வேல்யூ பட்டியலில் இல்லை என்ற செய்தியில் கொஞ்சம் நிற்கிறேன். திருத்தும் திரையில் துறை டிராப்டவுன் இருக்கிறது, ஒரு மாணவரின் துறைக் குறியீடு பட்டியலில் இல்லை என்கிறது. பட்டியலைத் திறந்து பார்த்தால் அதே குறியீடு கண்ணெதிரே இருக்கிறது. அப்படி வந்தால் இரண்டு அட்டவணைகளிலும் அந்த நிரலின் வகையைப் பாருங்கள். ஒன்றில் கேர் 10 என்றும் மற்றதில் வார்கேர் 10 என்றும் இருக்கும். கேர் வகை மீதி இடத்தை வெற்றிடத்தால் நிரப்பிவிடும். இரண்டு எழுத்துக் குறியீட்டின் பின்னால் எட்டு வெற்றிடம் தொங்கும். எஸ்கியூஎல் சர்வர் ஒப்பிடும்போது பின்வெற்றிடத்தைப் பொருட்படுத்தாது, அதனால் ஜாயின் எல்லாம் சரியாக வரும். டிராப்டவுன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அதனால் இங்கே மட்டும் உடையும். வினவலில் ஆர்ட்ரிம் போட்டால் தீரும். குறியீடு உண்மையிலேயே பட்டியலில் இல்லையென்றால், மூடப்பட்ட துறைகளைப் பட்டியல் வினவல் ஒதுக்குகிறது. திருத்தும் திரையில் மட்டும் அந்த மாணவரின் துறையையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

இவற்றோடு, போஸ்ட்பேக் வாதம் செல்லாது, ஈவென்ட் வேலிடேஷன் இயக்கத்தில் உள்ளது என்றொரு செய்தியும் வரும். ஒரே வடிவத்தை வரிக்கு வரி திரும்பக் காட்டும் ரிப்பீட்டருக்குள் பட்டன் வைத்து, லோடில் ஒவ்வொரு முறையும் பைண்ட் செய்தால் வரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் டிராப்டவுனுக்குப் புது வரிகளைச் சேர்த்தாலும் வரும். தேடிப் பார்த்தால் அந்தச் சோதனையை அணைத்துவிடு என்ற ஆலோசனையே முதலில் கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் அனுப்பாத மதிப்பு திரும்பி வருகிறது என்று சொல்லும் காவல் அது. கட்டணத் திரையில் அந்தக் காவலை எடுத்தால், பட்டியலில் இல்லாத தொகையைக்கூட ஒருவர் அனுப்பிவிட முடியும்.

“எல்லாம் இரண்டு இரண்டாக வருகிறது”

நிரல்கள் இரட்டித்தால் ஆட்டோ ஜெனரேட் காலம்ஸ் இயல்பாக உண்மையாகவே இருப்பதுதான் காரணம். நீங்கள் எழுதியதும் வரும், அதுவாக உருவாக்கியதும் வரும். டிராப்டவுன் வரிகள் இரட்டித்தால், ‘தேர்ந்தெடுக்கவும்’ என்ற முதல் வரிக்காக அப்பெண்ட் டேட்டாபவுண்ட் ஐட்டம்ஸ் போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு பைண்டும் பழையதன் கீழே புதியதைச் சேர்க்கும். பைண்டுக்கு முன் பட்டியலைத் துடைத்து, முதல் வரியைக் கோடில் எழுதிச் சேருங்கள். துறைப் பெயருக்குப் பதில் சிஸ்டம் டாட் டேட்டா டாட் டேட்டாரோவியூ என்று வரிக்கு வரி வந்தால் டேட்டா டெக்ஸ்ட் ஃபீல்டு கொடுக்கவில்லை.

“ரோ டேட்டாபவுண்டில் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் பிழை”

அந்த நிகழ்வு தலைப்பு வரிக்கும் அடிவரிக்கும்கூட ஓடும். லேபிளைத் தேடினால் தலைப்பு வரியில் இருக்காது. ரோ டைப் டேட்டா ரோதானா என்று முதலில் கேளுங்கள். திருத்தும் நிலையில் உள்ள வரியில் ஐட்டம் டெம்ப்ளேட்டின் லேபிளும் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

இதன் உறவுக்காரப் பிழை, செல்லின் உரையைப் படித்துக் கணக்குப் போடுவது. தரவுத்தளத்தில் நல் என்றால் செல்லின் உரையில் வெறுமை இருக்காது, உடையாத வெற்றிடத்துக்கான எச்டிஎம்எல் குறி இருக்கும். மறைத்த நிரலின் செல்லில் ஒன்றுமே இருக்காது. டெம்ப்ளேட் நிரல் என்றாலும் அப்படித்தான். மறைவாக வேண்டிய மதிப்பை டேட்டா கீ நேம்ஸில் வைத்து டேட்டா கீஸ் வழியே எடுங்கள். திரைக்காக எழுதிய உரையைத் திரும்பப் படித்துக் கணக்குப் போடும் பழக்கம் என்றாவது ஒருநாள் கைவிட்டுவிடும்.

“தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாக இருக்கிறது”

மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் அதே வரியைப் பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் திரையைத் தொட வேண்டாம். சேமிக்கும்போதே எழுத்து போய்விட்டது, திரும்பவும் வராது. பெயர்களை மறுபடி அடிக்கத்தான் வேண்டும். நிரல் வார்கேர் என்றால், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் என்வார்கேர் ஆக்குங்கள். எஸ்கியூஎல் சர்வர் 2019 பதிப்பில் இருந்து யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்து முறை அமைப்பு) வைத்தால் வார்கேரிலும் தமிழ் நிற்கும், ஆனால் பழைய தரவுத்தளத்தில் அந்த மாற்றத்தைவிட என்வார்கேரே எளிது. நிரல் ஏற்கெனவே என்வார்கேர் என்றால், சரத்தை ஒட்டி வினவல் கட்டும் இடம் எங்கோ இருக்கிறது. மேற்கோளுக்கு முன் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘என்’ போடாததால் வழியிலேயே எழுத்து உதிர்கிறது. அதை அளவுருவாக மாற்றிவிடுங்கள். எஸ்கியூஎல் ஊடுருவலும் அதோடு அடைபடும்.

வகையை மாற்றும்போதே நீளத்தையும் பாருங்கள். மீனாட்சிசுந்தரம் என்ற பெயர் நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. தரவுத்தளத்துக்கு அது 16. மீ என்பது மகரம் ஒன்று, அதன் ஈகாரக் குறி ஒன்று என இரண்டாகவும், ட் என்பது டகரமும் புள்ளியும் என இரண்டாகவும் எண்ணப்படுகிறது. என்வார்கேர் 15 வைத்த நிரலில் அவர் பெயர் ஏறாது, சரம் வெட்டுப்படும் என்ற பிழை வரும். தமிழ்ப் பெயர் வரும் நிரலுக்கு நான் 100-க்குக் குறைத்து வைப்பதில்லை.

“13ஆம் தேதியில் இருந்து பிழை வருகிறது”

மாதத்தின் முதல் 12 நாளும் சேமிக்கிறது, 13 அன்று தேதி செல்லாது என்கிறது. சர்வர் அமெரிக்க வழக்கத்தில் இருக்கிறது. 13/08 என்றால் 13ஆம் மாதம் என்று படித்து மறுக்கிறது. 13-க்குப் பிழை வந்தது நல்லதுதான், ஏனென்றால் கவலைப்பட வேண்டியது அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி. ஆகஸ்ட் 5 என்று அடித்தது மே 8 ஆகப் பதிவாகியிருக்கும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக வந்த தேதிகள் மட்டுமே தப்பித்திருக்கும். வெப் கான்ஃபிக் கோப்பில் குளோபலைசேஷன் உறுப்பில் கல்ச்சரை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். அதற்கு முன் சேமித்த தேதிகளை, பதிவு நேரம் வைத்திருக்கும் வேறு நிரலோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். கல்ச்சர் மாறியதும் எண் வடிவமும் நம் வழக்கத்துக்கு வரும், 1,234,567 என்று நின்ற தொகை 12,34,567 ஆகும்.

டேட்டா ஃபார்மேட் ஸ்ட்ரிங் கொடுத்தும் தேதியின் வடிவம் மாறவில்லையா? வினவலிலேயே தேதியைச் சரமாக மாற்றி அனுப்பியிருப்பார்கள். சரத்துக்குத் தேதி வடிவம் ஒட்டாது. அந்த நிரலை வரிசைப்படுத்தினால் 01/12 வந்த பின் 02/01 வரும். வினவலில் தேதியைத் தேதியாகவே விட்டுவிட்டு, வடிவத்தைத் திரையில் கொடுங்கள்.

“நாளுக்கு நாள் மெதுவாகிறது”

கட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 10 வரி என்று வைத்திருக்கிறோம், ஆகவே 10 வரிதான் வருகிறது என்று நினைப்போம். எஸ்கியூஎல் டேட்டாசோர்ஸோடு கிரிட்வியூவின் இயல்பான பக்கப் பிரிப்பு, முழு அட்டவணையையும் சர்வர் நினைவகத்துக்குக் கொண்டுவந்து அதில் 10-ஐ எடுத்துக் காட்டுகிறது. அட்டவணை வளர வளர ஒவ்வொரு பக்க அழுத்தமும் கனக்கும். முன்னோக்கி மட்டுமே படிக்கும் டேட்டாரீடரைக் கொடுத்தால் பக்கப் பிரிப்பையே ஏற்க மறுக்கும். ஆப்ஜெக்ட் டேட்டாசோர்ஸில் எனேபிள் பேஜிங் வைத்து, தொடக்க வரியும் எண்ணிக்கையும் வாங்கும் செயல்பாட்டை எழுதி, வினவலில் ஆஃப்செட், ஃபெட்ச் போடுங்கள். எஸ்கியூஎல் சர்வர் 2012 முதல் இது இருக்கிறது. மொத்த எண்ணிக்கைக்கு செலக்ட் கவுன்ட் மெத்தட் தனியாகக் கொடுக்க வேண்டும், இல்லையேல் பக்க எண்கள் சரியாக வராது. அந்த எண்ணிக்கை வினவலிலும் தேடல் வடிகட்டிகளை மறக்காமல் போடுங்கள். விட்டுவிட்டால் முருகன்கள் மூன்று பேர் இருக்கும் தேடலுக்கு நூறு பக்க எண்கள் வந்து நிற்கும், இரண்டாவது எண்ணை அழுத்தியதும் கட்டம் காலியாகும்.